செயின்ட் ஹெலினாவுக்கு எப்படிப் போவது? தூரத் தீவுக்கு முதல்முறை கிளம்புகிறவருக்கு

"மாலத்தீவு பார்த்தாச்சு, பாலியும் பார்த்தாச்சு. கூட்டமே இல்லாத தீவு ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் செயின்ட் ஹெலினா. கேட்டவர்களில் பாதிப் பேர் வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். மீதிப் பேருக்காக இதை எழுதுகிறேன்.

ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே, தென் அட்லாண்டிக் கடலில் ஒரு புள்ளி. பரப்பு 121 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை 2021 கணக்கெடுப்பில் சுமார் 4,400. பக்கத்திலிருக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கே ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். 1815இல் நெப்போலியனை பிரிட்டிஷார் இங்கே கொண்டுவந்து வைத்ததற்குக் காரணம், இங்கிருந்து தப்பிக்க வழியில்லை என்பதுதான். நம் சிக்கலும் அதேதான், திசை மட்டும் தலைகீழ்.

முதல் தூரத் தீவாக இதை ஏன் சொல்கிறேன்? இதைவிட ஒதுங்கிய தீவுகள் இருக்கின்றன. ஆனால் இங்கே விமானம் வருகிறது, மருத்துவமனை இருக்கிறது, எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள், தங்க இடம் கிடைக்கிறது. நீச்சல் கற்கிறவர் முதலில் இறங்கும் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு ஒத்திகை

ஆயிரம் மைல் தாண்டுவதற்கு முன் பக்கத்தில் ஒரு தீவில் பழகிப் பாருங்கள். யாழ்ப்பாணம் போகிறவர்கள் குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறலாம். ஒரு மணி நேரப் பயணம்தான். பவளக்கல் அடுக்கிய வேலிகள், காட்டுக் குதிரைகள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு எல்லாம் பார்க்கக் கிடைக்கும். ஆனால் உண்மையான பாடம் திரும்பும் படகில் இருக்கிறது. கடைசிப் படகு போய்விட்டால் போய்விட்டதுதான். எனக்கு ஒருமுறை அது போய்விட்டது. காற்று கூடியதால் முன்னதாகவே எடுத்துவிட்டார்களாம். கடைக்கார அம்மா "காற்றுக்கு நேரம் தெரியுமோ தம்பி?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

இந்தியாவிலேயே என்றால் லட்சத்தீவு. இந்தியக் குடிமக்களும் நுழைவு அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். கொச்சியிலிருந்து கப்பலில் ஓர் இரவுக்கு மேல் ஆகும். பல தீவுகளில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. பவளத்திட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டு, சிறு படகில் இறக்கிக் கூட்டிப் போவார்கள். அலையில் ஏறி இறங்கும் படகுக்குக் கப்பலிலிருந்து கால் வைக்கும் அந்த ஒரு நொடி உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, வயிற்றைக் கலக்குகிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் மேலே படியுங்கள்.

முதல் படி: காலண்டரைப் பின்னாலிருந்து படியுங்கள்

வழக்கமான சுற்றுலாவில் விடுமுறையை முடிவு செய்துவிட்டு டிக்கெட் தேடுவோம். இங்கே அது நடக்காது. தீவுக்குப் போகும் விமானம் எந்தக் கிழமை என்று பார்த்து, அதற்கு ஏற்பத்தான் விடுமுறை எழுதிக் கொடுக்க வேண்டும்.

செயின்ட் ஹெலினாவுக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஏர்லிங்க் நிறுவனம் பறக்கிறது. அடிப்படையாக வாரத்துக்கு ஒன்று, சனிக்கிழமை. டிசம்பரை ஒட்டிய உச்ச மாதங்களில் கூடுதல் விமானம் விடுவதும் உண்டு. ஒரு வாரம் தங்கினால் ஏழு நாள், தவறினால் பதினான்கு நாள். இடையில் "நாலு நாள் போதும்" என்பதற்கெல்லாம் இடமில்லை.

போகிற வழியில் நமீபியாவின் வால்விஸ் பேயில் இறங்கி எரிபொருள் நிரப்புவார்கள். தீவில் இறங்க முடியாமல் போனால் திரும்பிவரும் அளவுக்கு டாங்கியில் இருக்க வேண்டுமே, அதற்காக. இறங்க முடியாமல் போவது கற்பனையும் இல்லை. விமான நிலையம் செங்குத்தான பாறைக் கரையின் மேலே, கடற்காற்று மோதிச் சுழலும் இடத்தில் இருக்கிறது. இதைக் கட்ட ஒரு பள்ளத்தாக்கையே மண்கொட்டி நிரப்பினார்கள். செலவு 28.5 கோடி பவுண்டு. 2016இல் திறப்பதாக இருந்தது. சோதனை விமானங்கள் வந்தபோதுதான் ஓடுபாதை முனையில் காற்று திடீரென்று வேகமும் திசையும் மாறுவது பெரிய தலைவலி என்று தெரிந்தது. திறப்பு தள்ளிப்போக, பிரிட்டிஷ் பத்திரிகைகள் "உலகின் மிகப் பயனற்ற விமான நிலையம்" என்று கேலி செய்தன. பிறகு சிறிய எம்ப்ரேயர் 190 விமானத்தை வைத்து, 2017 அக்டோபர் 14ஆம் தேதி பயணிகள் சேவை தொடங்கியது. அதுவரை கேப்டவுனிலிருந்து 'ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினா' என்ற தபால் கப்பலில் ஐந்து இரவு கழித்துத்தான் போக முடியும். 2018 பிப்ரவரியில் அந்தக் கப்பல் ஓய்வுபெற்றது. கப்பல் பயணத்துக்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் இன்றும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள்.

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்றால், காற்றும் பனிமூட்டமும் ஒத்துழைக்காத நாளில் விமானம் மறுநாளுக்கோ அதற்கடுத்த நாளுக்கோ தள்ளிப்போகும். ஆகவே கணக்கு இப்படி: போகும்போது ஜோகன்னஸ்பர்க்கில் குறைந்தது ஓர் இரவு. திரும்பும்போது இரண்டு இரவு. அதற்கும் மேல் அலுவலகத்தில் இரண்டு நாள் "இருந்தாலும் இருக்கும்" என்று சொல்லிவையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த முகவர், தீவிலிருந்து இறங்கிய அன்றே மூன்று மணி நேர இடைவெளியில் துபாய் விமானத்தைப் போட்டிருந்தார். தீவு விமானம் ஒருநாள் தாமதம். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் துபாய் டிக்கெட்டுக்குப் பைசா திரும்பவில்லை. மிச்சம் பிடிக்க நினைத்த ஓர் இரவு அறை வாடகையைப் போலப் பல மடங்கு போயிற்று.

எந்த மாதம்? திமிங்கலச் சுறாக்கள் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை. நடைப்பயணத்துக்கும் அதே மாதங்கள் நல்லவை, அங்கே அது கோடை. ஜூலை முதல் அக்டோபர் வரை மலைமேல் மூட்டமும் தூறலும். ஆனால் கூனல் முதுகுத் திமிங்கலங்கள் குட்டிகளோடு கரையோரம் வரும் காலமும் அதுதான்.

இரண்டாம் படி: ஆவணங்கள், அவற்றின் வரிசை

தொலைதூரத் தீவுகளில் புதியவர்கள் அதிகமாக வழுக்கி விழும் இடம் இது. தீவு ஒரு நாட்டுக்குச் சொந்தம் என்பதால் அந்த நாட்டு விசா போதும் என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. ஃபாரோ தீவுகள் டென்மார்க்கின் ஆளுகையில் இருந்தாலும் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர உதவும் ஷெங்கன் பகுதிக்குள் வராது. சாதாரண ஷெங்கன் விசா செல்லாது, ஃபாரோவுக்கும் செல்லும் என்று விசாவில் தனியாக எழுதி வாங்க வேண்டும். கிரீன்லாந்துக்கும் அப்படியே. வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளோ நேர் எதிர். அங்கே போக யாருக்கும் விசா தேவையில்லை. ஆனால் நார்வே வழியாகத்தான் போக முடியும், தீவுக்குக் கிளம்பினால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஆகவே ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர் திரும்பிவர முடியாமல் முழிப்பார். ஈஸ்டர் தீவுக்கு, அதாவது ராப்பா நூயிக்கு, சிலி விசா மட்டும் போதாது. பதிவு பெற்ற விடுதியில் அறை, திரும்பும் டிக்கெட், ஒரு தனிப் படிவம் மூன்றும் வேண்டும், 2018 முதல் 30 நாளுக்கு மேல் தங்கவும் முடியாது.

செயின்ட் ஹெலினா பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி. பிரிட்டிஷ் விசா கையில் இருந்தாலும் தீவின் அனுமதி தனி விவகாரம். தீவு அரசின் குடிவரவுப் பக்கத்தில் இ-விசா தேவைப்படும் நாடுகளின் பட்டியல் இருக்கிறது. உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையதோ அதை அங்கே பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையக் கவுண்டரில் நிற்கும் ஊழியர் இந்தத் தீவின் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார் என்ற எண்ணத்தோடு கிளம்புவது நல்லது.

அடுத்தது தென்னாப்பிரிக்க விசா. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் இதைப் பலமுறை நுழைவு விசாவாகக் கேளுங்கள். தீவுக்குப் போய்த் திரும்பும்போது இரண்டாம் முறையாகத் தென்னாப்பிரிக்காவில் நுழைகிறீர்கள். விண்ணப்பத்தோடு ஒரு சிறு கடிதமும் பயணத்திட்டமும் வைத்து இதை விளக்கிவிட்டால் நல்லது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதைப் பலரும் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவிலோ செயின்ட் ஹெலினாவிலோ அந்த நோய் இல்லை. போகும் வழிதான் சிக்கல். மலிவாகக் கிடைக்கிறது என்று அடிஸ் அபாபா வழியாகவோ நைரோபி வழியாகவோ டிக்கெட் எடுத்தால், அவை நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன. அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கிப் போனால் தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும். திரும்பும்போது இந்தியா இன்னும் கண்டிப்பு. அந்த நாடுகளிலிருந்து ஆறு நாளுக்குள் வந்து இறங்குகிறவரிடம் சான்றிதழ் இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் உண்டு. துபாய், தோஹா வழி எடுத்தால் இந்தப் பேச்சே இல்லை. ஊசி போடுவதென்றால் சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

காப்பீடு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதுவும் சும்மா பயணக் காப்பீடு போதாது. அவசர நிலையில் விமானத்தில் வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் காப்பீடாக இருக்க வேண்டும். தீவில் மருத்துவமனை உண்டு, சாதாரண அறுவைச் சிகிச்சையும் செய்வார்கள். அதைத் தாண்டினால் தென்னாப்பிரிக்காவுக்குத்தான் அனுப்ப வேண்டும், அதற்கென்று தனி விமானம் வரவழைத்தால் ஆகும் செலவு உங்கள் வீட்டுக் கடனை நினைவுபடுத்தும். நம் ஊர்க் காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலில் 'செயின்ட் ஹெலினா' பெயர் இருக்காது. "உலகம் முழுவதும்" என்ற திட்டத்தில் அது அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். மாத்திரைகளைத் தங்கும் நாளுக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள்.

எல்லாம் சேர்த்து வரிசை இது: முதலில் தங்கும் இடத்தைத் தற்காலிகமாகப் பிடியுங்கள். பிறகு தீவின் அனுமதி, தென்னாப்பிரிக்க விசா. இவை கைக்கு வந்தபின் ஜோகன்னஸ்பர்க்–தீவு டிக்கெட். கடைசியாக சென்னை–ஜோகன்னஸ்பர்க் டிக்கெட். தீவு விமானம் சிறியது, இடங்கள் கொஞ்சம்தான், ஊர்க்காரர்களும் அதில்தான் போய்வர வேண்டும். ஆகவே ஆறு மாதம் முன்பே தொடங்கினால் நிம்மதி. அந்தச் சின்ன விமான டிக்கெட் பெரிய விமான டிக்கெட்டைவிட விலை கூடுதலாக இருந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள்.

மூன்றாம் படி: பணமும் பெட்டியும்

ஏடிஎம் என்ற ஒன்றை நம்பிப் போகாதீர்கள். தீவுக்குச் சொந்த நாணயம் உண்டு, செயின்ட் ஹெலினா பவுண்டு. பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சரிசமம், பிரிட்டிஷ் நோட்டும் எல்லா இடத்திலும் செல்லும். ஆகவே சென்னையிலேயே பவுண்டு நோட்டாக மாற்றி எடுத்துப் போவதே எளிது. பெரிய நோட்டுகளைவிட பத்து, இருபது நோட்டுகள் நல்லவை. அட்டை வாங்கும் இடங்கள் இப்போது கூடியிருக்கின்றன என்றாலும் டாக்சிக்காரரிடமும் சிறு கடையிலும் பணம்தான். ஒரு எச்சரிக்கை: மீதிச் சில்லறையாக வரும் செயின்ட் ஹெலினா நோட்டுகளைக் கிளம்புவதற்கு முன் செலவழித்துவிடுங்கள், அல்லது பிரிட்டிஷ் நோட்டாக மாற்றிவிடுங்கள். லண்டனிலேயே அது செல்லாது, ஊரில் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உடை விஷயத்தில் ஊட்டியையும் சென்னையையும் சேர்த்து நினையுங்கள். தலைநகர் ஜேம்ஸ்டவுன் கடல்மட்டத்தில், இரண்டு மொட்டை மலைகளுக்கு நடுவே நெருக்கிப் பிடித்த பள்ளத்தாக்கில் வெயிலாக இருக்கும். இருபது நிமிடம் மேலே ஏறினால் மூட்டம், பச்சைப் புல், ஸ்வெட்டர். நல்ல பிடிப்புள்ள காலணி, மழைக்கோட்டு, தொப்பி, பெரிய சதுர மூன்று ஊசி பிளக்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். தீவுக்குப் பொருள் வருவது பெரும்பாலும் சரக்குக் கப்பலில். கப்பல் வந்த வாரம் கடை நிறையும், தாமதமானால் தக்காளிக்கும் ஆளாய்ப் பறப்பார்கள். மீன் சாப்பிடுகிறவருக்குக் கவலையில்லை. ஒவ்வொன்றாகத் தூண்டிலில் பிடிக்கும் சூரை மீன், அதில் மிளகாய் சேர்த்துத் தட்டிய ஃபிஷ் கேக். சைவர்கள் சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். வீட்டுப் பொடிகளைக் கொண்டுபோக நினைத்தால் உயிர்ப்பாதுகாப்பு விதிகளை முதலில் படியுங்கள். தேனும் தேன் சேர்ந்த பொருளும் கூடவே கூடாது, தீவின் தேனீக்கள் நோயில்லாமல் இருப்பதைப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். பழம், காய், முளைக்கக்கூடிய விதை எதுவும் வேண்டாம். கறிவேப்பிலையைப் பையில் ஒளித்துக் கொண்டுபோகும் நம் திறமையை இங்கே காட்ட வேண்டாம். மற்றதை வந்திறங்கும்போது படிவத்தில் சொல்லிவிடுங்கள். காலணி அடியில் மண் ஒட்டியிருந்தால் ஊரிலேயே கழுவிவிடுங்கள். உலகில் வேறெங்கும் இல்லாத செடிகளும் பூச்சிகளும் நூற்றுக்கணக்கில் வாழும் மலை அது. வெளியிலிருந்து வந்த ஒரு விதை என்ன செய்யும் என்று அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

ஊர்ச் சாப்பாட்டில் ஒன்றைத் தவறவிடாதீர்கள், 'ப்ளோ'. அரிசி, இறைச்சி, காய், கறிப்பொடி எல்லாம் ஒரே சட்டியில் போட்டுச் சமைப்பது. பெயரைச் சொல்லிப் பார்த்தாலே பிடிபடும், நம் புலாவ்தான். அது எப்படி அங்கே போயிற்று என்பதற்கு வரலாறு இருக்கிறது. சென்னையில் ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1659இலிருந்து இந்தத் தீவையும் ஆண்டது. இந்தியாவிலிருந்து சரக்கேற்றித் திரும்பும் கப்பல்கள் இங்கே நின்று தண்ணீர் பிடித்துத்தான் இங்கிலாந்து போகும். இந்தியாவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், சீனத்துக் கூலிகள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எல்லோருடைய வழித்தோன்றல்களும் கலந்தவர்கள்தாம் இன்றைய ஊர்க்காரர்கள். தங்களை அவர்கள் 'செயின்ட்ஸ்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். முகங்களைப் பார்த்தால் சில நேரம் திருவல்லிக்கேணியில் பார்த்த யாரோ மாதிரி இருக்கும்.

நான்காம் படி: இறங்கிய பிறகு

இறங்கிய அன்று சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை தண்ணீர், ரொட்டி, பால் வாங்கி வைப்பது. இரண்டாவது, அந்த வாரத்துச் சாப்பாட்டு விடுதிகளுக்கும் படகுப் பயணத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது. பல இடங்களில் ஆள் வருவது தெரிந்தால்தான் அடுப்பே பற்றவைப்பார்கள்.

கார் எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு: நம்மைப் போல இடதுபக்கம்தான். சாலை ஒற்றை வண்டி அகலம், கொண்டை ஊசி வளைவுகள். மேலேறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் கை காட்ட வேண்டும். முதல் நாள் கூச்சமாக இருக்கும், மூன்றாம் நாள் கை தானாக எழும்.

இணையம் ஒருகாலத்தில் கண்ணீர் வரவழைக்கும். 2023இல் கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தபின் நிலைமை மாறிவிட்டது. ஆனால் மலைப் பக்கங்களில் சிக்னலை எதிர்பார்க்காமல் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் என்ன பார்ப்பது என்பதை உங்கள் கால்களே முடிவு செய்யட்டும், நான் விட்டுவிடக் கூடாதவற்றை மட்டும் சொல்கிறேன். லாங்வுட் ஹவுஸ், நெப்போலியன் 1821 மே 5 அன்று இறந்த வீடு. 1858இல் பிரெஞ்சு அரசு இதை வாங்கியது, பிரிட்டிஷ் மண்ணில் பிரெஞ்சுக் கொடி பறக்கிறது. அவரை முதலில் புதைத்த இடம் தனியே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. உடலை 1840இல் பாரீசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், வெறும் கல்தான் மிச்சம். அந்தக் கல்லில் ஓர் எழுத்துகூட இல்லை. 'நெப்போலியன்' என்று மட்டும் பொறிக்க வேண்டும் என்றது பிரெஞ்சுத் தரப்பு, அது பேரரசனுக்கான மரியாதை. 'போனபார்ட்' சேர்த்தாக வேண்டும் என்றார் ஆளுநர் ஹட்சன் லோ. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காமல் கல் அப்படியே வெறுமையாகக் கிடக்கிறது. உலகத்துக் கல்லறைகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆளுநர் மாளிகையான பிளான்டேஷன் ஹவுசின் புல்வெளியில் ஜொனாதன் என்ற ராட்சத ஆமை. சீஷெல்ஸிலிருந்து 1882இல் கொண்டுவரும்போதே முழுதாக வளர்ந்துவிட்டிருந்தது, அதை வைத்து 1832 வாக்கில் பிறந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். தொடாதீர்கள், மேலே ஏறி உட்கார்ந்து படம் எடுக்க நினைக்காதீர்கள்.

ஜேக்கப் ஏணி, ஜேம்ஸ்டவுனிலிருந்து மலைமேல் கோட்டைக்கு நேராக ஏறும் 699 படி. 1829இல் சரக்கு இழுக்கும் சரிவுப்பாதையாகக் கட்டியது. பழனிப் படியும் ஏறியவர்தானே என்று அலட்சியமாகத் தொடங்காதீர்கள். இதில் வளைவும் இல்லை, மண்டபமும் இல்லை, படி ஒவ்வொன்றும் முழங்காலைக் கேட்கும். காலையில் ஏறுங்கள்.

என்னைக் கேட்டால் தீவின் உண்மையான சொத்து 'போஸ்ட் பாக்ஸ்' நடைகள்தாம். மொத்தம் 21 பாதைகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பெட்டி, உள்ளே முத்திரை. போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக உங்கள் ஏட்டில் குத்திக்கொள்ளலாம். எளிதில் தொடங்கிப் பாறை விளிம்பு வரை பல தரங்கள். டயானா சிகரத்துக்கு முதலில் போங்கள், 800 மீட்டருக்குச் சற்று மேல்தான். மூட்டத்துக்குள் மரப் பெரணிகள் நடுவே நடந்து உச்சியில் நின்றால், நான்கு பக்கமும் கடல் தவிர எதுவும் இல்லை என்பது அப்போதுதான் வயிற்றில் உறைக்கும். பாறை விளிம்புப் பாதைகளுக்கு உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். தடுக்கினால் தூக்க ஆள் வர நேரமாகும்.

கடற்கரையில் குளிப்பதாக எண்ணிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். வெள்ளை மணல், தென்னை எதுவும் கிடையாது. கரை முழுக்கச் செங்குத்துப் பாறை, இழுப்பு அலை. தண்ணீரில் இறங்க வேண்டுமானால் படகில் போய், வழிகாட்டியோடு, திமிங்கலச் சுறாவுக்குப் பக்கத்தில் நீந்தலாம். பஸ் நீளத்துக்கு ஒரு மீன் நம்மைச் சட்டையே செய்யாமல் கடந்து போகும். விலகி நிற்க வேண்டிய தூரத்தைப் படகிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். படகுக்கு ஒரு மணி நேரம் முன்பே, மருத்துவரைக் கேட்டு வாங்கிய அவோமின் போன்ற குமட்டல் தடுப்பு மாத்திரையைப் போட்டுவிடுங்கள். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. இஞ்சி முரப்பாவும் வையுங்கள்.

இரவில் ஒருமுறையாவது விளக்கில்லாத இடத்துக்குப் போய்த் தலையைத் தூக்கிப் பாருங்கள். வானியலாளர் எட்மண்ட் ஹாலி தென்வான விண்மீன்களைக் குறித்தெடுக்க 1677இல் வந்து முகாமிட்டது இங்கேதான். வந்த மனிதர், மூட்டம் கலைவதற்காகக் காத்திருந்தே நொந்துபோனார். நீங்களும் இரண்டு மூன்று இரவு காத்திருக்க நேரலாம்.

அடுத்த வகுப்பு: டிரிஸ்டன் ட குன்ஹா

செயின்ட் ஹெலினாவில் எல்லாம் சுமுகமாக முடிந்து, "இன்னும் தூரமாக ஏதாவது?" என்று தோன்றினால் தெற்கே 2,400 கிலோமீட்டர் தள்ளி அது இருக்கிறது. மனிதர் நிரந்தரமாக வாழும் தீவுகளில் இதைவிட ஒதுங்கியது இல்லை. ஒரே ஊர், ஏழு கடல்களின் எடின்பரோ என்று பெயர். ஊர்க்காரர்கள் 'செட்டில்மென்ட்' என்பார்கள். இருநூற்றுச் சொச்சம் பேர், கையளவு குடும்பப் பெயர்கள். விமான நிலையம் கிடையாது. செயின்ட் ஹெலினாவிலிருந்தும் போக முடியாது, கேப்டவுனிலிருந்துதான் கப்பல்.

படிகள் குறைவு, காத்திருப்பு அதிகம். முதலில் தீவு நிர்வாகத்துக்கு எழுத வேண்டும்: யார், ஏன் வருகிறீர்கள், எவ்வளவு நாள். தீவு மன்றம் ஒப்புதல் தர வேண்டும், காவல்துறை நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். ஒப்புதல் வந்தால் கப்பலில் இடம். ஆண்டில் சில தடவைகளே செல்லும் மீன்பிடி, சரக்குக் கப்பல்களில் பயணிகளுக்கு ஒரு டஜன் படுக்கைதான் இருக்கும். அதில் ஊர்க்காரர்களுக்கும் மருத்துவத்துக்குப் போகிறவர்களுக்கும் முன்னுரிமை. கடைசி வாரத்தில் ஒரு கர்ப்பிணிக்கு இடம் தேவைப்பட்டால் உங்கள் பெயர் அடுத்த கப்பலுக்குப் போகும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பயணம் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை, 'உறுமும் நாற்பதுகள்' என்று மாலுமிகள் அழைக்கும் காற்றுக்குப் பக்கத்தில். நெடுந்தீவுப் படகில் தலை சுற்றியவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.

போய்ச் சேர்ந்தாலும் இறங்குவது உறுதியில்லை. துறைமுகம் சிறு குளம்போல. அலை அடங்கும் நாளில்தான் படகு வெளியே வந்து ஆளை ஏற்றும். தீவைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே கப்பலில் பல நாள் கிடந்தவர்கள் உண்டு. தங்க விடுதி இல்லை, ஊர்க்காரர் வீட்டில் அல்லது அரசு விருந்தினர் வீட்டில்தான். திரும்பும் கப்பல் எப்போது என்பதைப் பொறுத்து உங்கள் பயணம் ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும். 1961இல் ஊருக்குப் பக்கத்திலேயே எரிமலை வெடித்து, எல்லோரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வீடும் வேலையும் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் 1963இல் இந்தக் கடலைத் தாண்டி உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டார்கள்.

விண்ணப்பக் கடிதத்தை இணையத்தில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து எழுதாதீர்கள். ஒரு தெருவுக்கும் குறைவான ஆட்கள் கொண்ட ஊர் அது. வருகிறவர் யார் வீட்டில் தங்குவார், யாரோடு தோட்டத்துக்குப் போவார் என்றெல்லாம் யோசித்துத்தான் படிப்பார்கள். உங்களுக்கு என்ன வேலை தெரியும், ஏன் அங்கே வர ஆசை என்பதை நாலு வரியில் நேராக எழுதுங்கள். பதில் வர வாரங்கள் ஆகும். அதற்குள் கடவுச்சீட்டு முடியும் தேதியைப் பாருங்கள், கப்பல் தள்ளிப்போனாலும் தாங்கும்படி குறைந்தது ஓராண்டாவது மிச்சம் இருக்கட்டும்.